தீம் ஹோட்டலில் தங்கியிருக்கிறீர்களா? நியூயார்க் லைப்ரரி ஹோட்டல் அனுபவமும் பிறவும்

ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர், கும்பகோணம்

தீம் ஹோட்டல் என்றாலே எனக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். வரவேற்பறையில் பழைய கிராமபோன் ஒன்றை வைத்திருப்பார்கள். அறைக்குள் போனால் எல்லா ஊரிலும் இருக்கிற அதே வெள்ளை விரிப்பு, அதே குட்டி ஃப்ரிட்ஜ். வாடகை மட்டும் எகிறியிருக்கும். நியூஜெர்சியில் இருக்கும் மகன், "அப்பா, உங்களுக்குன்னே ஒரு இடம் இருக்கு" என்று மன்ஹாட்டனில் லைப்ரரி ஹோட்டலில் அறை போட்டான். அதே நினைப்போடுதான் கிளம்பினேன்.

மேடிசன் அவென்யூவும் 41ஆம் தெருவும் சந்திக்கிற முனையில், ஒடுக்கமாகவும் உயரமாகவும் நிற்கிற பழைய கட்டடம். முகப்பு அகலம் 25 அடிதான். 2000இல் ஹோட்டலாகத் திறந்திருக்கிறார்கள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்க அட்டவணை அட்டைப் பெட்டிகளின் இழுப்பறைகள். சரி, இதுவும் ஜோடனை என்று நினைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறிய பிறகுதான் சங்கதி புரிந்தது. தங்கும் அறைகள் 3ஆம் மாடியில் தொடங்குகின்றன. நூலகங்களில் புத்தகங்களைப் பாடவாரியாக எண் போட்டு அடுக்கும் டியூயி பகுப்பில் 300 சமூக அறிவியல். அந்த மாடியும் சமூக அறிவியல். 4 மொழி, 5 கணிதமும் அறிவியலும், 6 தொழில்நுட்பம், 7 கலை, 8 இலக்கியம், 9 வரலாறு. 10ஆம் மாடிக்கு 000, பொது அறிவு. அதற்கு மேல் 11இல் தத்துவம், 12இல் சமயம். மாடிக்கு 6 அறை, மொத்தம் 60. ஒவ்வொன்றுக்கும் அந்த மாடியின் பாடத்துக்குள் ஒரு தனித் தலைப்பு.

எங்களுக்குக் கிடைத்தது 5ஆம் மாடியில் கணித அறை. கதவில் 500, ஒரு புள்ளி, பிறகு அறையின் வரிசை எண். கணிதத்துக்கு 510 அல்லவா போட வேண்டும்? ஆயுசு முழுக்க அட்டை எழுதிய கை சும்மா இருக்குமா, மனசுக்குள் திருத்திக்கொண்டேன். அறை சின்னதுதான், கட்டடத்தின் அகலமே அவ்வளவுதானே. அலமாரியில் எண் கோட்பாடு, புதிர்க்கணக்கு, கணித மேதைகளின் வாழ்க்கை. ஒன்றை உருவி, பின்னட்டையைத் திறந்து தேதிச்சீட்டைத் தேடினேன். மகன் சிரித்தான். பழக்கதோஷம்.

கணித அறையில் உட்கார்ந்தால் எங்கள் தொழிலில் ஒருவருக்குச் சீர்காழி ரங்கநாதன் ஞாபகம் வராமல் இருக்காது. மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டனுக்குப் பயிற்சிக்குப் போன இடத்தில் டியூயி முறை அவருக்கு ஒப்பவில்லை. அங்கே கடையில் பார்த்த மெக்கானோ பொம்மைதான் வழிகாட்டியது: நாலைந்து பாகங்களை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் பூட்டிவிடலாம். அப்படிப் பிறந்ததுதான், புத்தகத்தின் பொருளைச் சிறு பாகங்களாகப் பிரித்து அவற்றைக் கோத்து எண் கொடுக்கும் கோலன் பகுப்பு. 1933இல் அச்சேறியது. அந்த முறையில் ஹோட்டல் கட்டினால் வருகிற ஒவ்வொருவருக்கும் அறையைப் புதிதாகக் கோத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்!

என்னைக் கவர்ந்தது வேறு ஒன்று. டியூயியின் அட்டவணையில் 420 முதல் 480 வரை ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, லத்தீன், கிரேக்கம் என்று ஐரோப்பிய மொழிகளுக்கே பட்டா. உலகத்தின் மற்ற மொழிகள் அத்தனையும் 490க்குள் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டும். தமிழுக்கு 494.811. சமயத்திலும் இதே கதை: 220 முதல் 280 வரை கிறிஸ்தவம், மிச்சம் எல்லாம் 290. இந்த ஹோட்டலின் மொழி மாடியிலோ, 6 அறைகளில் ஒன்று ஆசிய மொழிகளுக்கு, இன்னொன்று மத்திய கிழக்கு மொழிகளுக்கு. பாகப்பிரிவினையில் டியூயியைவிட ஹோட்டல்காரர் நியாயஸ்தர். அலங்காரத்தோடு நின்றிருந்தால் இப்படி ஒரு விவகாரம் பேச முடியுமா? சண்டை போடுகிற அளவுக்கு விஷயம் இருந்தால்தான் அதை நான் தீம் என்பேன்.

நியூஜெர்சியிலிருந்து

சார், அந்தத் தீமுக்கே ஒரு நிஜச் சண்டை நடந்திருக்கு. டியூயி பகுப்பின் உரிமை ஓசிஎல்சி என்ற நூலக அமைப்பிடம் இருக்கு. அவங்க 2003இல் இந்த ஹோட்டல் மேலே வணிகச்சின்ன வழக்குப் போட்டாங்க. அதே வருஷம் சமரசம் ஆகி, ஹோட்டல் அனுமதியோட அந்த முறையைப் பயன்படுத்திக்கலாம்னும், குழந்தைகள் வாசிப்புக்கு வேலை செய்யற ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை கொடுக்கணும்னும் முடிஞ்சது.

என் அனுபவம் இவ்வளவு இனிப்பு இல்லை. டைம்ஸ் சதுக்கம் பக்கம் ஒரு "ஸ்டைல்" ஹோட்டல், பேர் வேண்டாம். நியான் விளக்கு, ஊதா சோஃபா, படத்துக்கு அள்ளுது. காலி பண்ணும்போது பில்லைப் பார்த்தா ஒவ்வொரு ராத்திரிக்கும் தனியா "வசதிக் கட்டணம்". என்ன வசதின்னு கேட்டா வைஃபையும் ரெண்டு பாட்டில் தண்ணியுமாம். அந்தத் தண்ணியை நாங்க தொடவே இல்லை! 2025 மே மாசத்திலிருந்து அமெரிக்காவில் இந்த மாதிரிக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் விலையைக் காட்டணும்னு விதி வந்துடுச்சு. அதனால இப்போ முன்பதிவு பண்றவங்களுக்கு அந்த அதிர்ச்சி குறையும்.

சிங்கப்பூர்வாசி

இங்கே கியோங் சைக் சாலையில் ஹோட்டல் 1929இல் தங்கியிருக்கிறேன். அந்த வருஷம் கட்டிய கடைவீடுகளை மாற்றி 2003இல் திறந்தது. உரிமையாளர் முன்னாள் வழக்கறிஞர். அவர் சேர்த்து வைத்திருந்த பழைய நாற்காலிகள்தான் தீம். உட்காரலாமா, பார்க்க மட்டும்தானா என்று ஒவ்வொரு தடவையும் தயக்கம். ஒரு காலத்தில் சிவப்பு விளக்குப் பகுதியாக இருந்த தெரு அது.

ஆனால் நான் போனது நாற்காலிக்காக அல்ல. அதே சாலையில் செட்டியார்கள் கட்டிய லயன் சித்தி விநாயகர் கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முந்தின நாள் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி வெள்ளி ரதத்தில் அண்ணனைப் பார்க்க வருவார். ரதம் வருகிற நேரம் கீழே இறங்கினேன். நாதஸ்வரம் கேட்டு வெளியே வந்த வெள்ளைக்கார தம்பதி, இதுவும் ஹோட்டல் ஏற்பாடா என்று கேட்டார்கள். முருகனை யாராவது முன்பதிவு செய்ய முடியுமா என்ன!

கோவைத் தம்பி

ஐயா, அந்த லைப்ரரி ஹோட்டல்ல தமிழ்ப் புத்தகம் இருந்துச்சா? வாடகை எங்களுக்குக் கட்டுபடியாகுமா?

ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர், கும்பகோணம்

தம்பி, நான் இருந்தது கணிதம். தமிழ் இருக்கிறதா என்று பார்க்க 4ஆம் மாடிக்குப் போய் அடுத்தவர் அறைக்கதவைத் தட்டவா முடியும்?

வாடகை நமக்கு அதிகம்தான். மகன் கொடுத்ததால் போனேன். ஜனவரி, பிப்ரவரியில் நியூயார்க் முழுக்கவே ஹோட்டல் விலை இறங்கும், குளிர் தாங்குமானால் அப்போது பார். தங்க முடியாவிட்டாலும் 41ஆம் தெருவில் நட. எழுத்தாளர்களின் வரிகளைப் பொறித்த வெண்கலப் பலகைகளை நடைபாதையில் பதித்திருக்கிறார்கள். அது நேராக 1911இல் திறந்த பெரிய பொது நூலகத்தில் கொண்டுபோய்விடும். உள்ளே போக நயாபைசா வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், ஹோட்டல் டியூயியைக் கட்டிக்கொண்டு அழ, அந்த நூலகத்தின் ஆய்வுப் பிரிவு ஆரம்பத்திலிருந்து பல பத்தாண்டுகள் பில்லிங்ஸ் என்ற தன் முதல் இயக்குநர் வகுத்த தனிப் பகுப்பைத்தான் வைத்திருந்தது.

ஹோட்டலின் 2ஆம் மாடி வாசிப்பறையில் எந்நேரமும் காபி உண்டு. ஃபில்டர் காபி எதிர்பார்க்காதே.