புதுப்பிப்பு: சூடானால் அணையும் கார், கோளாறு ரிலேயில் இல்லை

வண்டி சரியாகிவிட்டது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

போன மாதம் நான் கேட்டது இதுதான்: பழைய பெட்ரோல் கார், இருபது நிமிடம் ஓடினால் திடீரென அணைந்துவிடும். செல்ஃப் சுற்றும், பிளக்கில் பொறி வராது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும்.

முதலில் இக்னிஷன் ரிலேயை (பொறி உண்டாக்கும் பகுதிக்கு மின்சாரத்தை விடும் மின்காந்த சுவிட்ச்) கழற்றிவிட்டு, அதே எண்ணுள்ள ஹாரன் ரிலேயை மாட்டினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் பழைய கதை. கழற்றிய ரிலேயில் 85, 86 கால்களுக்கு (உள்ளே இருக்கும் சுருளின் இரு முனைகள்) இடையே 82 ஓம், சரியான அளவுதான். 12 வோல்ட் கொடுத்தால் ‘டிக்’ சத்தமும் வந்தது. அதில் குறையில்லை.

கைகொடுத்தது, "ஓம் பார்க்காதீங்க, லோடு இருக்கும்போது, அதாவது கரண்ட் ஓடும்போது, வோல்டேஜ் எங்கே விழுதுன்னு பாருங்க" என்ற யோசனைதான். அடுத்த முறை அணைந்ததும் தம்பியை செல்ஃப் அடிக்கச் சொல்லி அளந்தேன். பேட்டரியில் 10.6, ரிலேயிலிருந்து மின்சாரம் வெளியேறும் 87 காலில் 10.4, பொறிக்கு உயர் வோல்டேஜ் தரும் இக்னிஷன் காயிலின் இணைப்பில் வெறும் 5.8 வோல்ட். அப்படியானால் இழப்பு இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

ஃப்யூஸ் பாக்ஸைத் திருப்பிப் பார்த்தால், 87 கால் நுழையும் கிளிப்பைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. வயரை லேசாக இழுத்தேன், கிரிம்ப்போடு (வயர் முனையை நெரித்துப் பிடிக்கும் உலோகப் பிடி) கையில் வந்துவிட்டது! ரிலே மாற்றியபோது வயர் அசைந்து, தற்செயலாகத் தொடர்பு கிடைத்திருக்க வேண்டும். அதுதான் என்னை ஏமாற்றியது.

அதே கனமுள்ள வயரில் புது டெர்மினல் கிரிம்ப் செய்தேன். இப்போது இழப்பு 0.1 வோல்ட். மூன்று வாரமாக ஏசி போட்டு நெரிசலில் ஓட்டியும் அணையவில்லை. அவசரப்பட்டு வாங்கிய புது ரிலே டேஷ்போர்டில் சும்மா கிடக்கிறது.