கருநீல டயல் வைத்த பழைய தங்க வாட்ச்: உருக்கக் கொடுக்கலாமா?

ஜார்ஜ்டவுன்_மீனா:
வணக்கம். மாமனார் கட்டியிருந்த தங்க வாட்ச் இப்போது என்னிடம் இருக்கிறது. டயலில் சின்னதாகப் பியாஜே என்று அச்சு. கருநீலம், அங்கங்கே பொன் துகள்கள். எண்ணும் இல்லை, கோடும் இல்லை, இரண்டு முள் மட்டும். சங்கிலியும் தங்கம்தான். பின்மூடியில் 750 முத்திரை. லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடையில் நிறுத்துப் பார்த்துவிட்டு, "916கூட இல்லை" என்று உருக்கும் விலை சொன்னார்கள். டயல் மங்கலாக இருக்கிறது, மருந்தில் போட்டுக் கழுவியும் தருகிறோம் என்றார்கள். கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை. இது கல்லா, பெயிண்டா?

பட்டர்வொர்த்_செல்வா:
அக்கா, கழுவ மட்டும் கொடுத்துவிடாதீர்கள். என் சித்தப்பாவின் மாலகைட் என்ற பச்சைக் கல் மோதிரத்தில் அமிலம் பட்டு, பளபளப்பே போய்விட்டது. பிரிக்ஃபீல்ட்ஸ் ஐயா வந்து சொல்லட்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_வாட்ச்பட்டறை:
தங்கச்சி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் லாபிஸ் லசூலி என்ற கருநீலக் கல் போலத் தெரிகிறது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (கைலென்ஸ்) ஒன்றை வாங்கி, வெளிச்சத்தில் டயலைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நிஜக் கல்லில் துகள்கள் ஒழுங்காக இருக்காது. ஓரிடத்தில் கொத்தாக இருக்கும், இன்னோரிடத்தில் ஒன்றுமே இருக்காது. அது தங்கமல்ல, பொன்போல மின்னும் பைரைட் என்ற தாது. வெள்ளை நரம்பு ஓடினால் அது கால்சைட் என்ற தாது, அதுவும் நல்ல அடையாளம்தான். அப்புறம் முள் ஏறி வரும் நடுத்துளையின் விளிம்பைப் பாருங்கள். கல் என்றால் பொடிச் சில்லு பெயர்ந்த தடம் தெரியலாம்.

அந்தத் துளையில்தான் மொத்த வேலையும் இருக்கிறது. கல்லை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அறுத்து, வைரப்பொடியில் தேய்த்து, உலோகத் தட்டில் ஒட்ட வேண்டும். லாபிஸில் பைரைட் கடினம், நீலப் பகுதி அதைவிடக் குறைவு, கால்சைட் ரொம்ப மென்மை. துளைக்கிற ஊசி ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும் இடத்தில் விரிசல் விட்டுவிடும். தங்கக் கோடுகள் பதிக்க இன்னும் எத்தனை துளை போட வேண்டியிருக்கும், யோசித்துப் பாருங்கள். அதனால் பெயரை மட்டும் அச்சிட்டு, கல்லைக் கல்லாகவே விட்டுவிட்டார்கள். எனக்கு அந்த வெறுமைதான் அழகு.

எவ்வளவு தேய்த்தாலும் கல் டயல் சாதாரண உலோக டயலைவிடத் தடிப்புதான். வாட்ச் மெலிசாக இருக்க வேண்டும் என்றால் அந்த இடத்தை இயந்திரம் விட்டுக்கொடுக்க வேண்டும். சுவிஸ் வாட்ச் நிறுவனமான பியாஜே 1957-இல் கொண்டுவந்த 9பி இயந்திரம் 2 மில்லிமீட்டர் தடிமன்தான். 1960-இல் வந்த தானியங்கி 12பி, 2.3 மில்லிமீட்டர். 1960களில் அவர்கள் கல் டயலில் இறங்க முடிந்தது இந்த மெலிவால்தான். அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவி ஜாக்குலின் கென்னடியிடம் ஜேட் என்ற பச்சைக் கல் டயல் வைத்த பியாஜே ஒன்று இருந்தது. ரோலெக்ஸும் பிற்பாடு டே-டேட் என்ற மாடலில் கல் டயல் போட்டது. அதில் கிழமைக்கும் தேதிக்கும் கல்லிலேயே ஜன்னல் வெட்டியாக வேண்டும்!

916 இல்லை என்பது குறையே அல்ல. சுவிஸ் தங்க வாட்சுக்கு 18 காரட்தான் வழக்கம். 22 காரட் நெளிந்துவிடும். 750-க்குப் பக்கத்தில் ஒரு பெண் தலை இருக்கிறதா பாருங்கள். 18 காரட்டுக்கு 1995 வரை சுவிட்சர்லாந்தில் அடித்த முத்திரை அது.

மருந்தும் வேண்டாம், அதிர்வில் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியும் வேண்டாம். பசை விடும், மயிரிழை விரிசல் இருந்தால் ஓடிவிடும். உலோக டயல் என்றால் மறுபடி பூசிக்கொள்ளலாம். உடைந்த கல்லுக்குப் பதில் வேறு கல் வைக்கலாம், இதே கோலம் கிடைக்காது.

ஜார்ஜ்டவுன்_மீனா:
பார்த்தேன் ஐயா! ஐந்து மணிப் பக்கம் வெள்ளை நரம்பு, பன்னிரண்டுக்குக் கீழே துகள் கொத்து. பெண் தலையும் இருக்கிறது. மங்கல் கல்லில் இல்லை, மேல்கண்ணாடியில்தான் கீறல். சாவி கொடுத்தால் ஓடுகிறது. தினமும் கட்டலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ்_வாட்ச்பட்டறை:
ரொம்ப சந்தோஷம். சர்வீஸ் ஆகும்வரை ஓட்ட வேண்டாம், எண்ணெய் காய்ந்திருந்தால் உள்ளே தேயும். கொடுக்கும் முன், கல் டயலில் முள் எப்படி எடுப்பீர்கள் என்று கேளுங்கள். நெம்புகோலைக் கல்லின் மேல் ஊன்றுகிறவரிடம் கொடுக்காதீர்கள், துளையருகே உடைந்துவிடும். வீட்டில் மென்துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஓபல் டயல் என்றால் இதைச் சொல்ல மாட்டேன், அதிகம் உலர்ந்தால் அது வெடிக்கும். லாபிஸுக்கு அந்தப் பயமில்லை. உங்கள் கணவரிடம் ஏலங்களில் இந்த மாதிரி வாட்ச் என்ன விலைக்குப் போகிறது என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.