புதுப்பிப்பு: முடி கொட்டுதலும் பயோட்டின் மாத்திரையும்
முடி கொட்டுகிறதே, பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை எடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தோல் மருத்துவரைப் பார்த்தாச்சு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். வேகவைத்த ஒரு முட்டையிலேயே சுமார் 10 கிடைத்துவிடும். வேர்க்கடலை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஈரலிலும் இருக்கிறது. பச்சை முட்டை மட்டும் தினமும் வேண்டாம், வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் பயோட்டினை உடம்பில் சேரவிடாது.

கடை மாத்திரைகள் சிலவற்றில் 10,000 மைக்ரோகிராம்கூட இருக்கிறது. குறைபாடு இல்லாதவர்களுக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அதைவிட முக்கியம், இந்த அளவு எடுத்தால் தைராய்டு பரிசோதனை முடிவு தவறாக வரலாம். மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின்கூடக் குறைவாகக் காட்டலாம். அமெரிக்காவின் உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே எச்சரித்தது. எடுப்பவர்கள் லேபில் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

நான் மாத்திரை வாங்கவில்லை. உடம்பில் உள்ள இரும்புச்சத்து சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையை மருத்துவர் பார்க்கச் சொல்லியிருக்கிறார், ரிசல்ட் வந்ததும் எழுதுகிறேன்.