முதல் கார்: ஏசி போட்டு நின்றால் சூடு ஏறுகிறது. எடுக்கலாமா?

கல்லடிக்காரன்:
இதுவரை மோட்டார் சைக்கிள்தான். அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போக ஒரு கார் பார்க்கிறேன். இப்போது இறக்குமதியாகும் காருக்கான வரியைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. கைக்கு எட்டியது 1996 நிசான் சன்னி, எஃப்பி 14 மாடல். காத்தான்குடி வரை ஓடிப் பார்த்தேன், இன்ஜின் சூடு காட்டும் ஊசி நடுவிலேயே நின்றது. வரும் வழியில் ஏசி போட்டபடி நெரிசலில் நிற்க, மெல்ல மேலே ஏறியது. ஓட்டம் பிடித்ததும் இறங்கிவிட்டது. "பழைய கார் அப்படித்தான், தேர்மோஸ்டட்டைக் கழற்றிவிடுங்கள்" என்கிறார் விற்பவர். சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வாம் அது. உண்மையா?

ஆரையம்பதி:
ரேடியேட்டர் ஃபேனை டைரக்ட் பண்ணி, நேரே மின்சாரம் கொடுத்துவிடுங்கள் மச்சான். சாவி போட்டதும் சுற்றும், பிரச்சினை முடிந்தது.

பழைய கராஜ், கல்முனை:
அப்படிச் செய்தால் பிரச்சினை தீராது, ஒளிந்துதான் கொள்ளும். தேர்மோஸ்டட் மூடியபடி இறுகியிருந்தால் ஓடும்போதும் சூடு ஏறியிருக்கும் தம்பி. உங்களுக்கு நிற்கும்போதுதான் ஏறுகிறது. ஓடினால் காற்று தானாகப் புகும், நின்றால் ஃபேன்தான் இழுக்க வேண்டும். ஆகவே முதல் சந்தேகம் ஃபேன், அடுத்தது ரேடியேட்டர். நம் பக்கத்தில் பலர் ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட் திரவத்தை வாங்காமல் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள கிணறு, உப்பு இல்லாமல் இருக்குமா? துருவும் படிவும் சேர்ந்து குழாய்களை அடைத்துவிடும்.

காலையில் போங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பானட்டில் கை வைத்துச் சூடாக இருந்தால், முன்கூட்டியே ஓட வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த இன்ஜினில் மட்டும் திறக்க வேண்டும், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள், எண்ணெய் மிதக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டார்ட் பண்ணியபின் விடாமல் குமிழி வந்தாலோ, ஒயில் மூடியின் உள்ளே பால் தேநீர் போல அப்பியிருந்தாலோ, ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு, போயிருக்கக்கூடும். அந்தக் காருக்குப் பேரமே பேச வேண்டாம்.

ஒன்று சொல்லவேண்டும், மட்டக்களப்புத் தரையில் ஓட்டி எந்தக் காரையும் நம்பக்கூடாது. கல்லடிப் பாலம்தானே நமக்கு மலை! மகியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் 18 வளைவில்தான் உண்மை தெரியும். அவ்வளவு தூரத்துக்கு எவரும் தரமாட்டார்கள். மூடியைப் போட்டு, ஏசியோடு அரை மணி நேரம் நிறுத்தியபடி ஓடவிட்டு ஊசியைப் பாருங்கள்.

ஏறாவூர்:
துருவையும் பாருங்கள் தம்பி, கடற்கரைக் கார். டிக்கியில் ஸ்பேர் டயரைத் தூக்கிப் பாருங்கள், சக்கர வளைவுகளின் உள்பக்கம் கையை விட்டுத் தடவுங்கள். காந்தம் ஒன்றைக் கொண்டுபோனால் துருவை மறைக்கப் பட்டி என்ற பசை பூசிய இடத்தில் ஒட்டாது. அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற காராக இருக்கலாம். 2024 நவம்பரில் எவ்வளவு தண்ணீர் நின்றது!

கல்லடிக்காரன்:
போய்ப் பார்த்தேன் அண்ணா. தண்ணீர் செங்கல் நிறம். குமிழி இல்லை, ஒயில் மூடி சுத்தம். ஃபேன் சுற்றுகிறது, ஆனால் சோம்பலாக. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் ரேடியேட்டரின் ஒரு பக்கம் குளிர்ந்தே இருந்தது. காந்தம் பின் இடது சக்கர வளைவில் மட்டும் ஒட்டவில்லை. ரேடியேட்டர், ஃபேன் மோட்டர் செலவை விலையில் கழிக்கச் சம்மதித்துவிட்டார். பதிவுப் புத்தகம் மட்டும் வேறொருவர் பெயரில். ஓபன் பேப்பராம், அதாவது வாங்குபவர் பெயர் எழுதாமல் அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த மாற்றப் படிவம்.

பழைய கராஜ், கல்முனை:
ரேடியேட்டர் அடைப்புத்தான், மாற்றினால் சரியாகும். கூலன்ட் ஊற்றுங்கள், தேர்மோஸ்டட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பட்டி போட்ட இடத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு விலையை முடியுங்கள்.

ஏறாவூர்:
ஓபன் பேப்பர்தான் எனக்குப் பயம். புத்தகத்தில் பெயருள்ளவரை நேரில் பார்த்து, அடையாள அட்டையோடு ஒப்பிட்டு, உங்கள் முன்னாலேயே கையெழுத்து வாங்குங்கள். லீசிங் கம்பனியின் பெயர் புத்தகத்தில் இருந்தால், அதை நீக்கும்வரை காசு கைமாறக்கூடாது.

கல்லடிக்காரன்:
லீசிங் பெயர் இல்லை. புத்தகத்தில் பெயருள்ளவர் வாழைச்சேனையில் இருக்கிறாராம், ஞாயிறு போகிறேன். முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை.