லெவன்த் ஹிஸ்டரி: புத்தகம் மெலிஞ்சது, பேப்பர் மெலியலை

மயூர்விஹார்_மாமி:
பதினொன்றாம் வகுப்புல ஹிஸ்டரி எடுத்த பசங்களோட அப்பா அம்மா நிறைய பேர் கேக்கறதால இந்த இழை. உலக வரலாற்றுல பசங்ககிட்ட என்ன எதிர்பாக்கறா, எங்க மார்க் போறது, பேப்பர் திருத்தறவாளும் ட்யூஷன் எடுக்கறவாளும் கண்டதை எழுதுங்கோ. "நன்னா படிக்கணும்" மாதிரி உபதேசம் வேண்டாம்.

நானே ஒண்ணு ஆரம்பிச்சு வைக்கறேன். டெல்லி நயீ சடக் புத்தகக் கடைகள்ல மலிவாக் கிடைக்கறதேன்னு பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வாங்கிடாதீங்கோ. முன்னாடி 11 பாடம், 2022-23 குறைப்புக்கு அப்புறம் 7. ஆதிமனிதன், மத்திய இஸ்லாமிய நாடுகள், அமெரிக்கக் கண்டத்துல ஸ்பானியர், தொழிற்புரட்சி நாலும் போயாச்சு. அதைவிடத் தொல்லை பாட எண். பழசுல 5ன்னு இருக்கற மங்கோலியர் புதுசுல 3. பழசுல 4 இஸ்லாமிய நாடுகள், புதுசுல 4 நிலமானிய ஐரோப்பா. "நாளைக்கு தீம் ஃபோர் (நாலாம் பாடம்) டெஸ்ட்"னு டீச்சர் சொன்னா, அக்காவோட பழைய நோட்டைப் பிரிச்ச பொண்ணு போர்ஷன்லயே இல்லாத பாடத்தைப் படிச்சுண்டு போவா.

பழைய_பிஜிடி:
மாமி சொன்னதோட பேப்பர் அமைப்பையும் சேர்த்துக்கோங்க. பதினொன்றுக்குத் தேர்வு பள்ளியே நடத்துது, ஆனா வினாத்தாள் சி.பி.எஸ்.இ. போர்டு அச்சுல வார்த்ததுதான். எழுத்துத் தேர்வு 80, புராஜெக்ட் 20. 80ல ஒரு மார்க் கேள்வி 21, மூணு மார்க் 6, எட்டு மார்க் 3, மூலச்சான்று பத்தி (பழைய ஆவணத்துலேர்ந்து ஒரு பத்தி கொடுத்து அதுல கேள்வி) 3 (ஒண்ணுக்கு 4 மார்க்), மேப் 5. மூணு மணி நேரம்.

நேரத்தைப் பங்கு போடுற விதம்: எட்டு மார்க்குக்கு இருபது நிமிஷம்னா மூணுக்கும் ஒரு மணி நேரம். மூணு மார்க்குக்கு ஏழு நிமிஷம், ஆறுக்கும் 42. பத்தி ஒண்ணுக்குப் பன்னிரண்டு. ஒரு மார்க் மொத்தத்துக்கும் 25, மேப்புக்கு 8. மிச்சம் ஒன்பது நிமிஷம் திரும்பிப் பார்க்க. நடக்கிறது என்னன்னா, எட்டு மார்க்ல முதல் கேள்வி நல்லாத் தெரிஞ்சதா வந்துட்டா பிள்ளை நாலு பக்கம் எழுதும். 300-350 வார்த்தை போதும். மூணாவது எட்டு மார்க் ஆறு வரியில நிக்கும்.

எட்டு மார்க் பதில்ல எதைத் தேடுறோம்னு ஒரே ஒரு கேள்வியை வச்சுச் சொல்றேன். "பதினாலாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் நெருக்கடி". பத்துக்கு எட்டு பேர் "பிளேக் வந்தது, மக்கள் செத்தார்கள்"னு தொடங்கி அதுலயே முடிச்சிடுவாங்க. ஆனா நெருக்கடி அதுக்கு முன்னாடியே வந்தாச்சு. பதிமூணாம் நூற்றாண்டுக் கடைசியில வடக்கு ஐரோப்பாவுல குளிர் கூடி விளைச்சல் காலம் சுருங்குது. ஓய்வு கொடுக்காம உழுத மண் சத்து இழக்குது. 1315-17ல பஞ்சம். ஆஸ்திரியா, செர்பியா வெள்ளிச் சுரங்கங்கள்ல வரத்துக் குறைஞ்சு காசுத் தட்டுப்பாடு. இதுக்கெல்லாம் மேல 1347-50ல கொள்ளைநோய். 1300ல 7.3 கோடியா இருந்த ஐரோப்பிய மக்கள்தொகை 1400ல 4.5 கோடின்னு புத்தகம் சொல்லுது.

இவ்வளவும் எழுதினாப் பாதி மார்க். மீதி அடுத்த கண்ணியில இருக்கு. ஆள் குறைஞ்சதும் கூலி ஏறுது, இங்கிலாந்துல 250 சதவீதம் வரைக்கும். விளைபொருள் வாங்க ஆள் இல்லாம விலை விழுது. பிரபுவுக்கு ரெண்டு பக்கமும் இடி. பணமா வாங்கிட்டிருந்ததை விட்டுட்டு பழைய உடலுழைப்புக் கடமையைத் திரும்பத் திணிக்கப் பார்க்கிறான். குடியானவன் எழுந்திருக்கான்: 1323 பிளாண்டர்ஸ், 1358 பிரான்ஸ், 1381 இங்கிலாந்து. நல்லா சம்பாதிச்சுப் பழகினவன்கிட்டேர்ந்து பிடுங்கப் போனதுதான் கலகத்துக்குக் காரணம்னு ஒரு வரி எழுதுற பிள்ளைக்கு ஏழு போட எனக்குத் தயக்கமே வராது. வருஷம் ஒண்ணு ரெண்டு தப்பினாலும் சரி.

முனிர்கா_தம்பி:
சார் எட்டு மார்க்கைச் சொல்லிட்டார். ஈஸின்னு நினைச்சு விடுறது மூலச்சான்று பத்தி. 4 மார்க்ல மூணு கேள்வி. முதல் ரெண்டுக்கும் விடை பத்தியிலயே இருக்கும். மூணாவதுக்கு இருக்காது, அங்கதான் பையன் பத்தியையே திருப்பி எழுதுவான்.

மெசொப்பொத்தேமியாவை (இன்னைய ஈராக் பக்கம்) எடுத்துக்கங்க. எழுத்து எப்படிப் பிறந்ததுன்னு அவங்க காவியத்துலயே ஒரு கதை இருக்கு. உருக் நகரத்து அரசன் என்மெர்கர் தூரதேசத்துக்குத் தூதன் அனுப்புறான். செய்தி நீளம், தூதன் வாய் குழறுது. அரசன் களிமண்ணைப் பிடிச்சு அதுல எழுதிக் கொடுக்கிறான். இந்தப் பத்தியைக் கொடுத்துட்டு "எழுத்து ஏன் தோன்றியது"ன்னு கேட்டா "தூது அனுப்ப"ன்னு எழுதிட்டு வந்துடுவாங்க. ஆனா மண்ணைத் தோண்டினா வர்றது வேற. கி.மு. 3200 வாக்குல உள்ள முதல் களிமண் பலகைகள் எல்லாம் கணக்கு: மாடு, மீன், ரொட்டி. உருக்ல மட்டும் இப்படி ஏறத்தாழ 5,000 பட்டியல். கோயிலுக்கு வந்ததும் போனதும் எழுதின மளிகைச் சிட்டைன்னே வைங்க. அப்போ காவியம் பொய்யா? இல்ல. எழுத்தையும் வணிகத்தையும் நகரத்தையும் அரசன் பெருமையா நினைச்சான்னு அது காட்டுது. இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பேசத் தெரியணும், இந்தப் பாடத்தோட குறிக்கோளே அதான்.

வீட்டுல பழக்க வழி: எந்தப் பத்திக்கும் மூணு கேள்வி. எழுதினது யாரு, யாருக்காக எழுதினான், இதுல பேசாம இருக்கிறது யாரு. தினம் ஒரு பத்தி, பத்து நிமிஷம்.

ஜனக்புரி_வாசகர்:
நிலமானிய ஐரோப்பா பாடத்தின் சொற்களைத் தமிழில் விளக்கிக் கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. 'ஃபீஃப்' என்பதை மானியம் என்று சொன்னால் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும்: நிலம் கொடுத்துச் சேவை வாங்குவது. 'செர்ஃப்' பண்ணையாள். ஆனால் 'வாசல்' (vassal) என்பவரை ஜமீன்தார் என்று சொல்லிவிடாதீர்கள். ஜமீன்தார் வரி வசூலித்துக் கொடுப்பவர், வாசல் பிரபுவுக்காக வாளெடுத்துப் போருக்குப் போக வேண்டியவர். அந்த ஒரு சொல் விடைத்தாளில் அப்படியே வந்து நிற்கும்.

ரோம் பாடத்தில் நம் பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. முசிறியில் யவனர் மரக்கலம் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்கிறது அகநானூறு 149. ரோமிலிருந்து தங்கம் வந்தது, மிளகு போனது. எட்டு மார்க்கில் இது ஒரு வரிக்கு மேல் போக வேண்டாம், ஊர்ப்பெருமையில் பதில் தடம் மாறிவிடும். பேரரசின் நாணயக் கதையோடு சேர்த்துச் சொன்னால் எடுபடும்: ஸ்பெயின் சுரங்கங்கள் வற்றி வெள்ளி நாணயமான தினாரியஸ் தளர்ந்ததும், பேரரசர் கான்ஸ்டன்டைன் ஏறக்குறைய 4.5 கிராம் தங்கத்தில் சாலிடஸ் நாணயம் அடித்ததும்.

மயூர்விஹார்_மாமி:
போர்ஷன் எப்போ முடியணும் சார்? பிப்ரவரியில எல்லாரும் அலறறா.

பழைய_பிஜிடி:
அலறுறதுக்குக் காரணம் ஏழாவது பாடம். ஜப்பான், சீனா, கூடவே கொரியா, தைவான். தனியா 15 மார்க், மத்த ஒவ்வொண்ணும் 10. கடைசியில இருக்கிறதால அவசர அவசரமா ஓடும். டெல்லியில நவம்பர் புகைக்கு ஸ்கூல் ஆன்லைனுக்குப் போயிடும், ஜனவரி குளிருக்கு விடுமுறை. ரெண்டு ஓட்டையும் ஆறு, ஏழாம் பாடங்கள் மேலதான் விழுது. அதனால தீபாவளிக்குள்ள அஞ்சு பாடம் முடிஞ்சிருக்கணும். ஸ்கூல் முடிக்கலைன்னா ஏழாவதை வீட்டுலயே தொடங்கிடுங்க. நீளவாக்குல கோடு போட்டு ரெண்டாப் பிரிச்ச தாள் போதும். இடப்பக்கம் ஜப்பான்: 1853 அமெரிக்கத் தளபதி பெரியின் (Perry) கப்பல், 1868 மெய்ஜி பேரரசர் ஆட்சி. வலப்பக்கம் சீனா: 1839-42 அபினிப் போர், 1911 புரட்சி, 1949 மக்கள் குடியரசு. கேள்வி பெரும்பாலும் ஒப்பீடுதான். ஜப்பானைத் தனியா சீனாவைத் தனியா மனப்பாடம் பண்ணினவங்களுக்கு அங்க கை ஓடாது.

முனிர்கா_தம்பி:
புராஜெக்டுக்குத் தலைப்பைச் சின்னதா வெட்டுங்க. "மங்கோலியர்"னு எடுத்தா விக்கிபீடியாவைக் காப்பியடிச்ச இருபது பக்கம்தான் மிஞ்சும். "1303 மங்கோலிய முற்றுகைக்குப் பின் சிரி கோட்டை"ன்னு எடுத்தா அலாவுதீன் கில்ஜி கட்டின மதில் ஷாப்பூர் ஜாட் பக்கத்துல இன்னும் துண்டு துண்டா நிக்குது, போய்ப் படம் எடுத்துட்டு வரலாம். பட்டுச் சாலைன்னா ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்துல அகழாய்வாளர் ஆரெல் ஸ்டைன் கொண்டுவந்த மத்திய ஆசியத் தொகுப்பு இருக்கு. திங்கள் போகாதீங்க, மூடியிருக்கும். ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் எங்க, என்னைக்கு எடுத்ததுன்னு எழுதுங்க. வைவால (வாய்மொழித் தேர்வுல) அதைத்தான் கேக்கறாங்க.

மயூர்விஹார்_மாமி:
மேப்பை மறந்துட்டேளே.

பழைய_பிஜிடி:
மேப்ல வழக்கமா நடக்கிற தப்பு மெசொப்பொத்தேமியாவோட ரெண்டு ஆறையும் மாத்திப் போடுறது. மேற்கே யூப்ரடீஸ், கிழக்கே டைக்ரிஸ். மாரி நகரம் யூப்ரடீஸ் கரை, நினிவே நகரம் டைக்ரிஸ் கரை. உருக், 'ஊர்' (Ur)ங்கிற ரெண்டு நகரமும் தெற்கே, 'ஊர்' இன்னும் தென்கிழக்கே. பென்சில்ல புள்ளி வச்சுப் பக்கத்துலயே பேர் எழுதணும். அப்புறம் மேப் தாளை விடைத்தாளோட சேர்த்து நூல் கட்டச் சொல்லுங்க. தனியாக் கொடுத்துட்டு வர்ற பிள்ளை வருஷா வருஷம் ஒண்ணாவது இருக்கு.