மாசி மகத்தில் மனைவிக்கு அறுபது: அவளைப் பற்றி என்ன எழுதி வாசிப்பது?

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி பார்த்துவிட்டு நேற்றுத்தான் வீடு வந்தோம். மாசி மகத்துக்கு இன்னும் நாலே வாரம், அதற்குள் ஒரு வேலையை முடிக்க வேண்டும், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

இந்த மாசி மகத்தோடு என் மனைவிக்கு அறுபது முடிகிறது. பள்ளிச் சான்றிதழில் 5.6.1965 என்று இருக்கும், அது பொய்த் தேதி. அந்தக் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பார்கள். இவளுக்குக் கை எட்டவே இல்லை, ஆனாலும் அக்காவை விட்டு நகரமாட்டேன் என்று வகுப்பிலேயே உட்கார்ந்துகொண்டாளாம், தலைமையாசிரியர் ஏதோ ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டுச் சேர்த்துவிட்டார். உண்மையில் பிறந்தது விசுவாவசு வருடம், மாசி மாதம், மக நட்சத்திரம், அதாவது 1966. சாமிகள் தீர்த்தவாரிக்கு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வந்திருந்த நேரத்தில் வலி எடுத்து, ஊரே கடலில் நிற்க, மருத்துவச்சியைத் தேடி ஆள் ஓடிய கதையை என் மாமியார் சொல்லிச் சொல்லி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். போன ஜூனில் பணி ஓய்வு விழாவில் எல்லோரும் அறுபது, அறுபது என்று வாழ்த்தியபோது அவள் என் காதோரம், "எனக்கு இன்னும் அறுபது ஆகலைங்க" என்றாள். அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

அவள் கிராம சுகாதாரச் செவிலியர். 35 வருட வேலை, பெரும்பாலும் கடலோரக் கிராமங்களில். ஊரில் நர்சம்மா என்றால்தான் தெரியும், பெயர் சொன்னால் பலருக்குத் தெரியாது.

நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலையில் சேர்ந்து, பின்னாளில் கணினிக்கு மாறி, ஓய்வு பெற்றவன். வாழ்த்து மடல்கள் மட்டுமே ஆயிரக்கணக்கில் கோர்த்திருப்பேன். அன்பின் சிகரமே, பண்பின் பெட்டகமே, குலம் விளங்க வந்த குத்துவிளக்கே... பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும், யாருக்கும் பொருந்தும். அதனாலேயே அப்படி ஒன்றை இவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

என் அறுபதுக்கு, பிலவ வருடத்தில், திருக்கடையூரில் மணிவிழா செய்தார்கள். மாலை, கலசம், மறுபடி தாலி, எல்லாம் முறைப்படி நடந்தது. இவளுக்கு என்ன செய்வது என்று பெரியவர்களிடம் கேட்டால், பெண்ணுக்குத் தனியாக அப்படிச் செய்கிற வழக்கம் நம் பக்கம் இல்லை, கோயிலில் அர்ச்சனை செய்யுங்கள் என்கிறார்கள். அர்ச்சனை செய்வேன், பாடலீஸ்வரர் பக்கத்தில்தான் இருக்கிறார். ஆனால் அவள் வாழ்ந்த வாழ்க்கையை, அவளும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்க, நான் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

என் சந்தேகம் இதுதான். எவ்வளவு நீளம் எழுதலாம்? கசப்பானதையும் சேர்க்கலாமா? ஒன்று இருக்கிறது. 1998 என்று நினைவு, எங்கள் மகளுக்கு நான்கு வயது, நல்ல காய்ச்சல். இவள் ஒரு பிரசவத்துக்குப் போனவள் விடியற்காலையில்தான் திரும்பினாள். வாசலிலேயே நிறுத்தி, "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நீ அம்மா, பெத்த பிள்ளைக்கு யாரு?" என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் பேசவில்லை, கை கால் கழுவிவிட்டு வந்து ஈரத்துணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அதைத் திருப்பிச் சொன்னதில்லை. எல்லோர் முன்னாலும் அதற்கு மன்னிப்புக் கேட்கலாமா?

பண்ருட்டிப் பலா எழுதியது:

ஐயா, படித்து முடித்ததும் முதலில் என் அம்மாவுக்குப் போன் செய்து எங்கள் ஊர் நர்சம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். எங்களுக்குப் புதன்கிழமை ஊசி. அவர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே நாங்கள் முந்திரித் தோப்புக்குள் ஓடிவிடுவோம், அவரும் விடமாட்டார், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வருவார். நான் இன்று இரண்டு காலால் நடக்கிறேன் என்றால் அதில் அவருக்குப் பங்கு உண்டு என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் புரிந்தது.

அவருடைய வேலையை எண்ணிக்கையோடும் வருடத்தோடும் எழுதுங்கள். போலியோ சொட்டு மருந்து முகாம்கள் 1995இல் தொடங்கின. நாட்டில் கடைசியாக ஒரு குழந்தைக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்காளத்தில். 2014 மார்ச் 27 அன்று இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குப் போலியோ இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அந்த 19 வருடத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை உங்கள் மனைவி பேருந்து நிலையத்திலும் சத்துணவுக் கூடத்திலும் குழந்தைகளின் இடது சுண்டுவிரலில் மை வைத்துக் கழித்திருப்பார்? அந்த ஞாயிறுகளில் உங்கள் வீட்டில் சமைத்தது யார், நீங்களா? அதையும் எழுதுங்கள்.

இன்னொன்று, அவரோடு வேலை பார்த்தவர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள். நமக்குத் தெரியாத பாதி அவர்களிடம் இருக்கும். என் அப்பாவின் நண்பர்களிடம் நான் கேட்டு வைக்கவில்லை, இப்போது கேட்பதற்கு ஆள் இல்லை.

முதலியார்பேட்டை எழுதியது:

அண்ணா, நான் புதுச்சேரி. என் வீட்டுக்காரர் பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் இருந்தவர், போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் திதியைப் பிள்ளைகள் முறையாகச் செய்கிறார்கள், ஐயர் வருகிறார், காக்கைக்குச் சோறு வைக்கிறோம், எல்லாம் சரி. ஆனால் அவர் பிறந்தநாள் யாருக்கும் நினைவில்லை, அது எனக்கு மட்டும் உரியதாகிவிட்டது. அன்றைக்கு நோட்டை எடுத்துவைத்து அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவேன். முதல் வருடம் நல்லவர், வல்லவர் என்று எழுதி எடுத்துப் பார்த்தால் அதில் அவரே இல்லை. அடுத்த வருடம் வேறு மாதிரி எழுதினேன். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தால் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும், பிள்ளைகள் விழித்துக்கொள்ளக் கூடாது என்று திண்ணையிலேயே உட்கார்ந்து எடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஜூலை 30 வந்தால், 1936இல் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 12 தொழிலாளர்களுக்கு மாலை போடாமல் காலை டீ குடிக்கமாட்டார். எட்டு மணி நேர வேலை அவர்கள் கொடுத்த உயிர்ப் பிச்சை என்பார். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் எனக்கு என்று ஏதாவது ஒன்று வாங்குவார், ஒரு தடவைகூட அளவு சரியாக இருந்ததில்லை. இதையெல்லாம் எழுதிய பிறகுதான் நோட்டில் அவர் வந்து உட்கார்ந்தார்.

எங்களுக்கும் மாசி மகம் பெரிய நாள். வைத்திக்குப்பத்துக்கு மயிலம் முருகன் வரும்போது கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொள்வார், வீட்டிலோ தெருவிலோ அப்படிப் பிடிக்கிற ஆள் கிடையாது, அந்த ஒரு நாள்தான். உங்களவர் பக்கத்தில் உட்கார்ந்து காதால் கேட்கப்போகிறார், அண்ணா. எவ்வளவு நீளம் என்றா கேட்கிறீர்கள், உங்களுக்குத் தோன்றுகிற அளவு எழுதுங்கள்.

வில்லியனூர் ரயிலடி எழுதியது:

மேலே சொன்னவர்கள் எல்லோரும் நன்றாகச் சொன்னார்கள், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், தவறாக நினைக்க வேண்டாம். நானும் 33 வருடம் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். என் பணி ஓய்வு விழாவில் என் கணவர் பேசினார், அவ்வளவு அன்பான மனிதர், ஆனால் பேச்சு முழுக்க தியாகம், தியாகம். எனக்குச் சங்கடமாக இருந்தது. நான் எதையும் தியாகம் செய்யவில்லை. எனக்குப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் பிடித்திருந்தது, காலையில் பள்ளிக்கு ஓடுவதற்கு அதுதான் காரணம். உங்கள் மனைவிக்கு அந்த வேலையில் எது பிடித்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நாலு வாரம் இருக்கிறது, கேளுங்கள்.

மன்னிப்பு விஷயத்தில் என் கருத்து, அதைச் சபையில் வைக்காதீர்கள். சபையில் கேட்டால் அவர் சிரித்து மன்னித்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. முதலில் அடுப்படியில் அவரிடம் தனியாகக் கேளுங்கள். மகளும் நாலு வயதில் அங்கே இருந்தவள்தானே, அவளிடமும் பேசுங்கள். வாசிக்கும்போது உங்களுக்குத் தொண்டை அடைக்கும், பக்கத்தில் தொடர்ந்து வாசிக்க ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இரண்டு வாரம் கழித்து வருகிறேன். வில்லியனூர் அம்மா, நீங்கள் சொன்னபடி கேட்டேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், எதிரே உட்கார்ந்து 1998ஐச் சொன்னேன். "ஞாபகம் இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு அந்தக் குழந்தை கொடி சுத்திப் பிறந்துச்சு, அழவே இல்லை, அதை அழ வச்சிட்டுதான் வந்தேன், உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன், நீங்க கேட்டதும் சொல்லத் தோணலை" என்றாள். இருபத்தேழு வருடமாக அந்த நல்ல செய்தி என்னிடம் வராமல் போனதற்கு நான்தான் காரணம். மன்னிப்புக் கேட்டேன். கீரைத் தட்டில் பாதியை என் பக்கம் தள்ளினாள், இரண்டு பேருமாக ஆய்ந்தோம். இது சபையில் வராது, மகளிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

எது பிடித்தது என்றும் கேட்டேன். யோசிக்கவே இல்லை: "பிரசவம் முடிஞ்சதும் அந்தப் பொண்ணு என்ன குழந்தைன்னு கேக்காம, நல்லா இருக்கான்னு கேப்பா பாருங்க, அது."

எழுதியதில் ஒரு பகுதியை இங்கே போடுகிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

"1991இல் திருவந்திபுரத்தில், அன்று அந்த மலையில் தாலி கட்டிய எத்தனையோ ஜோடிகளில் ஒரு ஜோடியாக, உன்னைக் கல்யாணம் செய்துகொண்டேன். மறுவாரமே நீ வேலைக்குப் போய்விட்டாய், அன்று புதன்கிழமை. சைக்கிள் கேரியரில் ஐஸ் வைத்த தடுப்பூசிப் பெட்டியைக் கயிற்றால் கட்டும்போது நான் கட்டிக்கொடுக்கிறேன் என்றேன், நான் போட்ட முடிச்சை அவிழ்த்துவிட்டு நீயே கட்டினாய். ஊசி போட்டதும் அழுகிற குழந்தையிடம் உன் கையை நீட்டி, 'அத்தைய அடிச்சிடு' என்பாய். அடிக்கும். அப்புறம் அழுகை நின்றுவிடும். இந்தக் கடற்கரையில் உன்னை அடித்த பிள்ளைகள் இப்போது படகு ஓட்டுகிறார்கள், பேருந்து ஓட்டுகிறார்கள், ஒருத்தி நர்சாகவே ஆகியிருக்கிறாள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் கடலை விட்டு ஓடிவந்துகொண்டிருந்தார்கள், நீ உன் பதிவேட்டை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாய். அதில் 23 கர்ப்பிணிகளின் பெயர் இருந்தது. பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், உறவினர் வீடு என்று ஐந்து நாள் தேடி 22 பேரைக் கண்டுபிடித்தாய். அப்புறம் அந்த முகாம்களிலேயே தட்டம்மை ஊசி போட்டுக்கொண்டு, குடிநீரில் குளோரின் கலந்துகொண்டு, பொங்கல் வரைக்கும் நீ சரியாக வீட்டுக்கு வரவில்லை. அந்த 23ஆவது பெண்ணின் பெயரை வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது உன் அம்மா பெயரோடு சேர்த்துச் சொல்கிறாய். எனக்குக் கேட்கும், நீ சொல்லி முடிக்கும்வரை நான் ரேடியோவைப் போடமாட்டேன்.

2011 டிசம்பர் 30, தானே புயல். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து பாதையை அடைத்துக் கிடந்தன. கரண்டு வர எத்தனையோ நாள் ஆயிற்று. மறுநாள் நீ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தாய், நான் டார்ச் லைட்டோடு பின்னால் வந்தேன். துணை சுகாதார நிலையத்தின் வெளியே நின்று அந்தக் குழந்தையின் முதல் அழுகையைக் கேட்டேன். நீ செய்கிற வேலை என்னவென்று எனக்குக் கல்யாணமாகி 20 வருடம் கழித்து அன்றுதான் தெரிந்தது."

இதற்கு மேல் இன்னும் நான்கு பக்கம் இருக்கிறது. அவளோடு வேலை பார்த்த மூன்று பேர் சொன்னதையும் சேர்த்திருக்கிறேன், போலியோ ஞாயிறுகளில் நான் வைத்த ரசமும் வருகிறது. மாசி மகத்தன்று விடியற்காலையில் தேவனாம்பட்டினம் போய் முழுகிவிட்டு, தீர்த்தவாரி பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவோம். மதியச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் வைத்து வாசிக்கிறேன். இரண்டாவது பிரதி மகளிடம் இருக்கும், நான் நிறுத்தினால் அவள் தொடர்வாள்.