டெக்சஸ் நண்பர்களே, இடுப்பில் மறைத்து வைக்க எந்தக் கைத்துப்பாக்கி?

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே 21 வயது நிரம்பிய பெரும்பாலோருக்குக் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல லைசென்ஸ் கட்டாயமில்லைதான். ஆனாலும் வகுப்புக்குப் போய் எல்டிசி (துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமம்) அட்டை வாங்கிவிட்டேன். அதை ஏற்கும் வேறு மாநிலங்களுக்குப் போகும்போது உதவும்.

இப்போது குழப்பம் துப்பாக்கியில். தோட்டா அளவு 9 மி.மீ. என்பது மட்டும் முடிவு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்ததில் கிளாக் 19 கையில் நன்றாக உட்கார்ந்தது, 15 ரவுண்டு மேகசின், உதைப்பும் அடக்கம். ஆனால் நம் ஊர் உடம்புக்கு, அதுவும் இந்த வெயிலில் ஒரு டி-சட்டைக்குள், அது துருத்திக்கொண்டு தெரிகிறது. சிக் பி365 எளிதாக மறைகிறது, சின்னதாக இருந்தாலும் 10 ரவுண்டு பிடிக்கும். ஆனால் எடை குறைவு என்பதால் கொஞ்சம் துள்ளுகிறது. பயிற்சியில் அது சரியாகிவிடுமா? இடுப்புப் பட்டைக்குள் வைக்கும் ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) எது நல்லது? விசையை முழுதாக மூடாத துணி ஹோல்ஸ்டர் எனக்கு வேண்டவே வேண்டாம்.

அப்புறம் தோட்டா. பயிற்சிக்கு மலிவான எஃப்எம்ஜே (முழுக்க உலோக உறை போட்ட தோட்டா) போதும். கூடவே வைத்துக்கொள்ள, உடம்பைத் துளைத்துப் பின்னால் நிற்பவர் மேல் பாயும் வாய்ப்பு குறைவு என்பதால் ஹாலோ பாயின்ட்தான் (நுனியில் குழி உள்ள தோட்டா). ஃபெடரல் ஹெச்எஸ்டி, ஸ்பியர் கோல்டு டாட் இரண்டிலும் 124 கிரெய்ன் (குண்டின் எடை) பார்த்தேன். பி365-இன் குட்டைக் குழலில் எது சிக்காமல் ஓடுகிறது? அதை நம்புவதற்கு முன் எத்தனை ரவுண்டு சுட்டுப் பார்த்தீர்கள்?

வீட்டில் சின்னக் குழந்தை உண்டு. கட்டிலருகே வைக்க, சட்டென்று திறக்கும் பெட்டகம் ஏதாவது பயன்படுத்துகிறவர்கள் அதையும் சொல்லுங்கள்.